உடைந்த வளையல்களின் ராஜ்ஜியம்: சண்டிகர் ராக் கார்டன்

உடைந்த பொருட்களால் செய்த சிற்பங்கள் நிறைந்த ராக் கார்டனைப் பார்க்க சண்டிகர் போய் வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன் என்று இப்போதே உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, என்ன செலவாகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பஸ். டெல்லியிலிருந்து சண்டிகர் சுமார் 250 கிலோமீட்டர். டெல்லியில் இருக்கும் அக்காவும் அவள் பையனும் கூட வந்தார்கள். சின்னப் பையன் இருக்கிறானே என்று ஆப்பில் ஒரு தனியார் ஏசி பஸ்ஸில் இடம் போட்டேன். ஆளுக்கு 600 ரூபாய். காலை ஆறு மணிக்கு ஒரு மேம்பாலத்துக்கு அடியில் வந்து நிற்கச் சொன்னார்கள். பஸ் வந்தது ஏழே முக்காலுக்கு. ஏறினால் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி என் சீட் முழுக்க ஊறிக் கிடந்தது. கிளீனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய பேப்பர் ஒன்றைக் கொடுத்து விரித்துக்கொள்ளச் சொன்னார். 600 ரூபாய் வாங்கிக்கொண்டு பேப்பர் கொடுக்கிறார்கள் என்று இப்போதும் ஆத்திரமாக வருகிறது. “விடுடா, முர்தல்ல நிறுத்துவான், சாப்பிட்டா சரியாயிடும்” என்றாள் அக்கா.

சரியாகத்தான் ஆனது. டெல்லியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலையில் இருக்கிறது முர்தல். சாலையோரம் வரிசையாக தாபாக்கள். இங்கே பராட்டாவைக் கல்லில் போட்டு எண்ணெய் ஊற்றுவதில்லை. தந்தூர் அடுப்பில் சுடுகிறார்கள். மேலே மொறுமொறுவென்று அங்கங்கே கருகிய புள்ளிகள், உள்ளே உருளைக்கிழங்கும் வெங்காயமும். அதன் தலையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளை வெண்ணெய் உருண்டை. அது உருகி ஓரத்தில் வழிவதற்குள் பிய்த்துத் தயிரில் தோய்த்து வாயில் போட்டுவிட வேண்டும். ஒன்று சாப்பிட்டாலே மதியம் வரை பசிக்காது. மூன்று பேருக்கும் லஸ்ஸியோடு சேர்த்து 500-க்குள் முடிந்தது. அந்த பஸ்ஸுக்குக் கொடுத்த காசை விட இது எவ்வளவோ மேல்.

சண்டிகரில் இறக்கிவிட்டது செக்டார் 43 பஸ் ஸ்டாண்டில். ராக் கார்டன் இருப்பது செக்டார் 1-ல். ஆட்டோக்காரர் 400 என்றார். சிட்டி பஸ் இருக்கிறதா என்று அக்கா இந்தியில் கேட்டதும், “இன்று பஸ் எல்லாம் ஓடாது மேடம்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பேரம் பேசி 200-க்கு ஏறினோம். பாதி வழியில் பச்சை நிற சிட்டி பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. இறங்கியதும் பையன் பைக்காக இன்னும் 50 கொடு என்று நின்றார். ஸ்கூல் பைக்கு லக்கேஜ் சார்ஜா? கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

உள்ளே போக 30 ரூபாய்தான். அப்புறம் நடந்தது எனக்கு வரிசையாகச் சொல்ல வராது.

தலையைக் குனிந்தால்தான் நுழைய முடியும், வாசல் அவ்வளவு தாழ்வு. வளைந்து வளைந்து போகும் சந்து, இரண்டு பக்கமும் உயரமான சுவர்கள். ஒரு சுவர் முழுக்க உடைந்த பீங்கான் சுவிட்சுகளும் பிளக்குகளும் பதித்தது. இன்னொன்றில் கழிவறைப் பீங்கானின் துண்டுகள். எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திருப்பத்தைத் தாண்டினால் அருவி! அதையும் தாண்டிப் போனால் படிப்படியாக மேடை கட்டி, நூற்றுக்கணக்கான பொம்மைகள் நிற்கின்றன. குரங்குகள் ஒரு கூட்டம், பறவைகள் ஒரு கூட்டம், குடம் சுமக்கும் பெண்கள் ஒரு கூட்டம்.

அந்தப் பெண்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாவாடை முழுக்க உடைந்த கண்ணாடி வளையல். சிவப்பு, பச்சை, கருநீலம் என்று அரை வட்டத் துண்டுகள் சிமெண்டில் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. வெயில் படும்போது ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஒளி ஓடுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆண் பொம்மையின் சட்டை பூப்போட்ட டீ கோப்பைச் சில்லுகளால் ஆனது. ஒரு சில்லில் பாதிக் கைப்பிடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மேலே நகரவே மனம் வரவில்லை.

இத்தனையும் செய்யத் தொடங்கியவர் நேக் சந்த், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1924-ல் இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டு வந்தார். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் திட்டப்படி புதிய சண்டிகரைக் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. இடிபாட்டில் கிடந்ததை எல்லாம் சைக்கிளில் கட்டி, சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். 1957 வாக்கில் தொடங்கிய வேலை. அரசாங்கக் காடு என்பதால் எல்லாம் ரகசியம். பகலில் உத்தியோகம், இரவில் டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் சிற்பம். ஏறக்குறைய 18 வருடம் அதிகாரிகளுக்குத் தெரியவே இல்லை!

தெரிந்ததும் இடித்திருப்பார்கள். நல்லவேளை, 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, நேக் சந்துக்கே சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார்.

டெல்லியிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. சராய் காலே கான் அருகில் 2019-ல் திறந்த ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்கா. ஏறக்குறைய 150 டன் பழைய இரும்பில் உலக அதிசயங்களின் மாதிரிகள். ஈபிள் டவர் மட்டும் 60 அடி. அக்கா பையனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கார் உதிரிப் பாகத்தை எடுத்து, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கட்டடத்தையே எதற்கு இன்னொரு முறை செய்ய வேண்டும்? எல்லோரும் செல்பி எடுக்கிறார்கள். இரும்பை யாரும் பார்ப்பதில்லை. சண்டிகரில் வளையல் வளையலாகவே இருக்கிறது. யாரோ ஒருத்தி போட்டுக் கழற்றியது என்று தெரிகிறது. நேக் சந்த் எந்தப் பொருளுக்கும் வேஷம் போடவில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மாட்டுக்குக் காலாகிறது, சீட் தலையாகிறது, ஆனாலும் அது சைக்கிள்தான் என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தின் சுவரில் ஒரு பகுதியை 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றப் பக்கம் சாலையை அகலப்படுத்தவும் கார் நிறுத்த இடம் அமைக்கவும் இடித்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்துப் போராடியும் கேட்கவில்லை. கார் நிறுத்தவும் கார் போகவும் இதைத்தானா இடிக்க வேண்டும்? இடிபாட்டைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டியதையே மறுபடி இடிபாடாக்கினால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. போகிறவர்கள் சீக்கிரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

காலையில் திறந்ததுமே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் சந்துகளில் நெரிசல். கடைசிப் பகுதியில் பெரிய வளைவுகளுக்கு அடியில் ஊஞ்சல்கள் உண்டு; பையனை அங்கிருந்து கிளப்ப அரை மணி நேரம் ஆனது, நேரத்தைக் கணக்கில் வையுங்கள். தண்ணீர் பாட்டில் வெளியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஹரியானா அரசு பஸ்ஸில் வந்தோம். ஏசி கிடையாது, டிக்கெட் பாதி விலைதான். சீட் காய்ந்திருந்தது, சொன்ன நேரத்துக்குக் கிளம்பினார்கள்.