பொன் சேவலைப் பாடம் நடத்தும்போது

ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் பொன் சேவல் கதையை வகுப்பில் எடுத்தால், அதில் வரும் அரசன் தாதோன் என்பது அன்றைய ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாய் ஜார்தானே என்று யாராவது உடனே கேட்பார்கள். எழுதிய ஆண்டு 1834 என்பதால் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் பதிலைத் தள்ளிப்போடுவது நல்லது. ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்க்கத் தொடங்கினால் கதை வெறும் விடுகதையாகிவிடும். சேவல் யார், ஷமாகா அரசி யார் என்று தேடுவதிலேயே நேரம் போகும்.

கதை இதுதான்: ஆபத்து வரும் திசை நோக்கிக் கூவும் பொன் சேவலை ஒரு சோதிடர் ஜார் தாதோனுக்குத் தருகிறார்; பதிலுக்கு அவர் கேட்பதைத் தருவதாக ஜார் வாக்களிக்கிறான்; கடைசியில் அவர் கேட்பது ஷமாகா அரசியை. முதல் வாசிப்பில் நாட்களை எண்ணச் சொல்ல வேண்டும். சேவல் கூவியதும் தாதோனின் மூத்த மகன் படையோடு போகிறான், எட்டு நாள் சேதியில்லை. இளையவன் போகிறான், மறுபடி எட்டு நாள். பிறகு தாதோனே கிளம்பி, எட்டாம் நாள் மலையை அடைகிறான். மகன்கள் கவசமின்றி, ஒருவர் உடலில் ஒருவர் வாளைப் பாய்ச்சிக் கிடக்கிறார்கள். தகப்பன் ஓலமிடுகிறான். கூடாரத்திலிருந்து அரசி வந்ததும் பிள்ளைகள் மறந்துபோகிறார்கள். ஒரு வாரம் விருந்து. ஒப்பாரிக்கும் விருந்துக்கும் நடுவே சில வரிகள்தான். ஜார் எப்பேர்ப்பட்டவன் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து மூலக்கதை. வாஷிங்டன் இர்விங்கின் அல்ஹம்ப்ரா தொகுப்பில் (1832) வரும் அரபுச் சோதிடர் கதைதான் கரு என்று 1933இல் காட்டியவர் கவிஞர் அன்னா அக்மதோவா. இரண்டையும் பக்கத்தில் வைத்து, புஷ்கின் மாற்றியதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒற்றுமைகளைப் பட்டியலிட்டால் பக்கம் நிரம்பும், பயன் இருக்காது. இர்விங்கில் காவல் நிற்பது வெண்கலக் குதிரைவீரன்; சேவல் சோதிடரின் பேச்சில் வந்துபோவதோடு சரி. முடிவில் அவர் இளவரசியோடு பூமிக்குள் மறைகிறார், அரசன் பிழைத்துக்கொள்கிறான். புஷ்கினிலோ ஜார் வாக்குத் தவறி, அரசியைக் கேட்ட சோதிடரைக் கோலால் நெற்றியில் அடித்தே கொல்கிறான். சேவல் இறங்கிவந்து அவன் உச்சந்தலையைக் கொத்துகிறது. இரண்டு சாவும் புஷ்கின் சேர்த்தவை.

இதற்குப் பிறகு நிக்கோலாய் பற்றிப் பேசலாம், கையில் சான்று இருக்கிறது. வரைவில் ‘ஜார்களோடு’ மோதுவது ஆபத்து என்றிருந்தது, அச்சில் ‘சிலரோடு’ ஆயிற்று. 1835இல் தணிக்கையாளர் நிக்கிதென்கோ, படுத்தபடியே நாடாளச் சொல்லும் சேவலின் வரியையும், கதையில் குறிப்புண்டு என்ற கடைசி ஈரடியையும் நீக்கினார். புஷ்கின் நாட்குறிப்பில் எரிந்துவிழுந்தார்.

ஆண்மை நீக்கப்பட்ட சோதிடருக்குப் பெண் எதற்கு என்ற கேள்வியில்தான் மாணவர்கள் உளவியலுக்குத் தாவுவார்கள். தாதோனும் அதையே கேட்கிறான். பதில் கிடையாது. கஜானா, பிரபுப் பட்டம், லாயத்துக் குதிரை, பாதி ராஜ்யம் எதையும் சோதிடர் ஏற்கவில்லை. அவர் வசூலிக்க வந்தது பெண்ணையல்ல, கொடுத்த வாக்கை என்றே எங்களுக்குப் படுகிறது.