உயேனோவில் ஏறி நாகசாகிக்குப் போன வோல்வரின்

2013-இல் வந்த 'தி வோல்வரின்' படத்தில், யாகுஸா என்ற ஜப்பானிய மாஃபியா கும்பலிடமிருந்து பணக்கார வீட்டுப் பேத்தி மாரிகோவை மீட்டு இழுத்துக்கொண்டு ஓடும் லோகன், அதாவது வோல்வரின், டோக்கியோவின் உயேனோ ஸ்டேஷனில் புல்லட் ரயில் ஏறுகிறான். போக வேண்டிய ஊர் நாகசாகி. டோக்கியோ ரயில் வரைபடம் கொஞ்சம் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும். உயேனோவில் நிற்கும் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில்கள் எல்லாம் வடக்குப் பக்கம் போகிறவை. தெற்கே போகிறவர் டோக்கியோ ஸ்டேஷனிலோ ஷினாகவாவிலோ ஏற வேண்டும். துரத்தல் தொடங்கும் ஜோஜோ-ஜி கோயிலிலிருந்து உயேனோவுக்கு ஓடினால் டோக்கியோ ஸ்டேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். மதுரைக்குப் போகிறவன் எழும்பூரைத் தாண்டி ஓடி, சென்ட்ரலில் வண்டி ஏறிய கதை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிரபலமான கூரைச் சண்டை. 2013-இல் டோக்கியோவிலிருந்து தெற்கே போகும் தொகாய்தோ தடத்தின் உச்ச வேகம் மணிக்கு 270 கி.மீ., அதாவது நொடிக்கு 75 மீட்டர். அந்தக் காற்றில் நிமிர்ந்து நிற்கும் ஆள்மேல் ஏறத்தாழ 200 கிலோ எடை அளவுக்குத் தள்ளுவிசை இருக்கும். லோகனுக்கு நகம் இருக்கிறது, சரி. யாகுஸா ஆட்கள் சாதாரணக் கத்தியைக் கூரையில் குத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். இதையும் விடுங்கள். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. தண்டவாளத்திலிருந்து கம்பிக்கு சுமார் 5 மீட்டர், வண்டியின் உயரம் 3.6 மீட்டர். நடுவில் இருப்பது ஒன்றரை மீட்டர்கூட இல்லை. குனிந்து தவழ்ந்தாலே ஆபத்து. இவர்கள் தாவிக் குதித்துத் தடைகளைத் தாண்டுகிறார்கள்.

இருந்தும் சொல்கிறேன், படத்தில் இருக்கும் நல்ல காட்சிகளில் அதுவும் ஒன்று. சூப்பர்ஹீரோ படத்தில் இயற்பியலைத் தேடினால் எதுவுமே மிஞ்சாது. படத்தைக் கவிழ்த்தது தப்பான ஸ்டேஷனும் இல்லை, மின்கம்பியும் இல்லை. திரைக்கதையில் முதல் நாளே எடுத்த ஒரு முடிவு. லோகனுக்கு ஜப்பானிய மொழி தெரியாது என்று வைத்தார்கள்.

மூலக்கதை 1982-இல் வந்த நான்கு இதழ் காமிக்ஸ். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத்து, ஃபிராங்க் மில்லர் ஓவியம். அதில் லோகன் ஜப்பானிய மொழி பேசுவான். அந்த ஊர் நடைமுறை அவனுக்குத் தெரியும். மாரிகோவை முன்பே காதலித்தவன். எழுதிய கடிதங்கள் திரும்பி வருவதால் தேடிப் போகிறான். அங்கே அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. அப்பா ஷிங்கென் இவனை மரவாளால் அடித்து, மகள் கண்முன்னே மிருகமாக்கிக் காட்டுகிறான். மரபு தெரிந்தும் அதற்குள் நுழைய முடியாதவனின் அவமானம்தான் கதை. அந்தக் காமிக்ஸும் ஒன்றும் யோக்கியமில்லை. பக்கத்துக்குப் பக்கம் நிஞ்ஜா கூட்டம், மூச்சுக்கு மூச்சு மானம், கௌரவம். ஆனால் அதிலிருக்கும் ஜப்பான் கதையை நகர்த்துகிறது. மாரிகோ தன் குடும்பத்துக்குக் கடன்பட்டவள் என்பதை எடுத்துவிட்டால் நான்கு இதழும் நின்றுபோகும்.

படத்தில் லோகன் புதிதாக வந்திறங்கும் வெளிநாட்டான். ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் யாராவது அவனுக்கு ஏதாவது விளக்க வேண்டியிருக்கிறது. வந்ததும் இரண்டு பாட்டிமார் பிரஷ் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைத்தால் அபசகுனம் என்று மாரிகோ சொல்லித் தருகிறாள். தலைவனை இழந்த சாமுராய்க்கு ரோனின் என்று பெயர், லவ் ஹோட்டலில் செவ்வாய்க் கிரக அறை உண்டு. இதில் பல சரியான தகவல்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சோற்றில் நட்ட குச்சி ஜப்பானில் உண்மையாகவே சாவு வீட்டு அடையாளம். 'குஸுரி' என்று ஒரு விலங்கைப் பற்றி வருகிறதே, அது வோல்வரின் என்ற பிராணிக்கு ஜப்பானிய மொழியில் இருக்கும் நிஜப் பெயர்தான். யாரோ உட்கார்ந்து தேடிப் படித்திருக்கிறார்கள். தேடியதைக் கதைக்குள் போடாமல் கண்காட்சியில் அடுக்கிவிட்டார்கள். இவற்றில் எதை வேண்டுமானாலும் வெட்டிவிட்டுப் பாருங்கள், அடுத்த காட்சி அப்படியே ஓடும்.

கதைக்குத் தேவைப்பட்ட இடத்தில்தான் தேடல் காணாமல் போகிறது. இந்தப் படத்தின் மையமே ஒரு சொத்துத் தகராறு. கிழவர் யஷிதா பெரிய கம்பெனிக்கு அதிபதி. மகன் ஷிங்கெனை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் பேத்தி மாரிகோவுக்கு எழுதி வைக்கிறார். கடுப்பான மகன், பெற்ற பெண்ணையே கொல்ல யாகுஸாவை ஏவுகிறான். அவளுக்கு நிச்சயித்த நொபுரோ மோரியும் இதற்கு உடந்தை.

ஜப்பானிய வாரிசுரிமைச் சட்டத்தில் 'இர்யூபுன்' என்று ஒன்று உண்டு. உயிலில் என்ன எழுதியிருந்தாலும், நேர் வாரிசுக்குக் குறைந்தபட்சப் பங்கைக் கேட்டு வாங்கும் உரிமை அது. ஒரே பிள்ளை, கிழவரின் மனைவி உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்தப் பங்கு சொத்தில் பாதி. ஷிங்கென் ஒரு வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பியிருந்தால் போதும், ஒரு துப்பாக்கியும் தேவைப்பட்டிருக்காது. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையா என்றால், மாப்பிள்ளையாக வரப்போகும் நொபுரோ மோரிதான் நாட்டின் நீதி அமைச்சர்!

இன்னொரு வழியும் இருந்தது. பெரிய வணிகக் குடும்பங்களில் மகன் சரியில்லை என்றாலோ, மகனே இல்லை என்றாலோ, மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்துவிடும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அவரை 'முகோயோஷி' என்பார்கள். சுசுகி மோட்டார் கம்பெனியைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஒசாமு சுசுகி அப்படி வந்த மருமகன்தான். மாரிகோவின் கல்யாணத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நொபுரோ யஷிதா குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளப் போகிறான், ஷிங்கென் தன் வீட்டிலேயே இரண்டாம் ஆளாகப் போகிறான் என்று எழுதியிருந்தால், அப்பன் மகளை வெறுக்க ஒரு நிஜமான ஜப்பானியக் காரணம் கிடைத்திருக்கும். படத்தில் நொபுரோ நகைச்சுவைக்காக ஜன்னல் வழியே நீச்சல் குளத்தில் தூக்கியெறியப்படுகிறான். அவன் வேலை அவ்வளவுதான்.

தொடக்கத்தில் வரும் நாகசாகிக் காட்சியைப் பலர் புகழ்வார்கள். படமாக்கிய விதம் நன்றாகத்தான் இருக்கிறது. விமானம் வருகிறது, சங்கு ஊதுகிறது, இளம் அதிகாரி யஷிதா கைதிகளைத் திறந்து விடுகிறான், மற்ற அதிகாரிகள் கடற்கரையில் மண்டியிட்டு வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 9 காலை நடந்தது வேறு. 7.50-க்கு ஊதிய அபாயச் சங்கு 8.30-க்கே விலக்கப்பட்டுவிட்டது. 10.53-க்கு இரண்டு பி-29 விமானங்கள் தென்பட்டபோது, வேவு பார்க்க வந்தவை என்று நினைத்து மறுபடி எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. 11.02-க்கு உரகாமி பள்ளத்தாக்கின் மேல், சுமார் 500 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. வருவது என்னவென்று தெரியாத ஊரில், அந்த நேரத்துக்கு 'செப்புக்கு' என்ற வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சடங்கைச் செய்ய யாரும் தயாராக உட்கார்ந்திருக்க முடியாது. அந்த நகரத்தின் கொடுமையே யாரும் எதற்கும் தயாராக இல்லாததுதான். ஜப்பானிய அதிகாரி என்றால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்ற பொதுப்படம் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

கைதி முகாம் மட்டும் கற்பனை இல்லை. நேச நாட்டுப் போர்க் கைதிகள் இருந்த முகாம் ஒன்று, குண்டு வெடித்த இடத்திலிருந்து 2 கி.மீ.க்குள் நிஜமாகவே இருந்தது. இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, யஷிதாவை ஒரு ஹிபாகுஷாவாக, அதாவது குண்டுவீச்சில் தப்பியவராக, படம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தப்பியவர்களின் மருத்துவத்துக்கென்று ஜப்பானில் தனிச் சட்டம் வந்தது 1957-இல். அதுவரை அவர்களுக்கென்று அரசு பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதற்குப் பிறகும் கல்யாணச் சந்தையில் ஒதுக்கப்பட்டார்கள், எப்போது என்ன நோய் வருமோ என்ற பயத்திலேயே வாழ்ந்தார்கள். 'சாகவே கூடாது' என்று வெறிபிடித்த கிழவனுக்கு இதைவிட நல்ல காரணம் எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? படத்தில் அவர் வெறும் பேராசைக்காரர்.

அந்தக் கிழவரின் திட்டத்தைப் படி படியாகப் பிரித்தால் இன்னும் மோசம். லோகனின் குணமாகும் சக்தியை உறிஞ்சி எடுக்க வேண்டும். அவனை யஷிதா வீட்டுக்கே வரவழைத்தாயிற்று. இரவு அங்கேயே படுக்கிறான். கிழவரின் டாக்டராக வரும் வைப்பர் என்பவள் அவன் உடம்புக்குள் ஒரு சின்ன இயந்திரப் பூச்சியை விட்டு, குணமாகும் சக்தியை அடக்கிவிடுகிறாள். இப்போது அவன் பலவீனமானவன், தூக்கத்தில் இருப்பவன், அவர்கள் வீட்டில் இருப்பவன். கட்டித் தூக்கிப் போகலாம். விட்டுவிடுகிறார்கள். கிழவர் செத்ததுபோல் நடிக்கிறார், பெரிய சாவுச்சடங்கு நடக்கிறது, மகன் ஏவிய யாகுஸா லோகனைச் சுடுகிறது. குண்டடி பட்ட அவன் நாட்டின் மறுகோடிவரை போகிறான். ஒரு தோட்டா சரியான இடத்தில் பட்டிருந்தால், கிழவரின் சாகாவரம் தெருவிலேயே செத்திருக்கும். கடைசியில் அவனைப் பிடிக்க ஒரு கிராமம் நிறைய நிஞ்ஜாக்கள், முதுகு முழுக்கக் கயிறு கட்டிய அம்புகள்.

வில்லன்கள் கூடிப்போனதன் விளைவு இது. ஷிங்கென், நொபுரோ, வைப்பர், ஹராதா, யஷிதா என்று ஐந்து பேர், ஐந்து நோக்கம். 126 நிமிடப் படத்தில் யார் யாரை எதற்காகக் கடத்துகிறார்கள் என்று கணக்கு வைப்பதே பார்ப்பவரின் வேலையாகிவிடுகிறது. கடத்தப்படுவது எப்போதும் மாரிகோதான்.

ஹராதா பாத்திரத்தைத் தனியாகச் சொல்லணும். காமிக்ஸில் சில்வர் சாமுராய் என்றால் அவன்தான். தன் வாளில் சக்தியைப் பாய்ச்சும் மியூட்டன்ட் (பிறவியிலேயே அதிசய சக்தி உள்ளவன்), ஷிங்கெனின் மகன். படத்தில் அந்தப் பெயரை அடமான்டியம் என்ற கற்பனை உலோகத்தால் ஆன ஒரு ராட்சதக் கவசத்துக்குக் கொடுத்துவிட்டு, ஹராதாவை வில்லும் கையுமாகக் கூரைமேல் உட்காரவைத்தார்கள். நடித்த வில் யுன் லீ கொரிய வம்சாவளி அமெரிக்கர். அதைவிட வேடிக்கை ஹராதாவின் முதற்பெயர், கெனுயிச்சியோ. கெனிச்சி உண்டு, கெனிச்சிரோ உண்டு. 'கெனுயிச்சியோ' என்று ஜப்பானில் யாரும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை. யோஷிதா சாதாரணமாகக் காதில் விழும் குடும்பப் பெயர், 'யஷிதா' அப்படியில்லை. இரண்டும் பழைய காமிக்ஸ் தவறுகள். இவ்வளவு மாற்றியவர்கள் இவற்றை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றினார்கள்.

ஹிரோயுகி சனதாவை ஷிங்கெனாகப் போட்டது மட்டும் படத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். சின்ன வயதிலிருந்து சண்டைப் பயிற்சி எடுத்த நடிகர், லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடக மேடையிலும் நின்றவர். லோகன் தன் நெஞ்சைத் தானே கிழித்து அந்தப் பூச்சியைப் பிடுங்கும் காட்சியும், அந்த அறைக்குள் வாளோடு வரும் சனதாவும்தான் இந்தப் படம் எப்படி இருந்திருக்கலாம் என்பதற்கான மாதிரி. ஒரு அறை, மூன்று பேர், இரண்டு வாள். கத்தியைப் பிடிக்கத் தெரிந்தவர் பிடித்தால் விளக்கம் தேவைப்படாது. அதோடு அவர் கதை முடிந்து, இரும்பு பொம்மை வருகிறது.

படப்பிடிப்பின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவில். சிட்னி பக்கத்திலுள்ள கர்னெல் கடற்கரை நாகசாகி முகாம் ஆனது, பாராமட்டா தெரு டோக்கியோ ஆனது. ஜப்பானுக்கும் போனார்கள். மாரிகோவின் நாகசாகிக் கடலோர வீடாக நாம் பார்ப்பது உள்நாட்டுக் கடல் பகுதியின் ஓமிஷிமா தீவு. நாகசாகியோ க்யூஷு தீவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. 200 ஆண்டுகளுக்கு மேல் டச்சுக்காரரும் சீனரும் மட்டும் வந்துபோக அனுமதிக்கப்பட்ட துறைமுகம், சர்ச்சுகள் நிறைந்த நகரம்; வெளிநாட்டான் ஒருவன் ஒளிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான ஊர் ஜப்பானில் கிடையாது. அது எதுவும் திரையில் இல்லை. ஓமிஷிமாவில் ஓயமஸுமி என்ற கோயில் இருக்கிறது. போர்வீரர்கள் காணிக்கையாகக் கொடுத்த கவசங்களும் வாள்களும் அங்கே அருங்காட்சியகத்தில் குவிந்து கிடக்கின்றன. பழைய சாமுராய் கவசம் என்றாலே ஜப்பானியர் சொல்லும் இடங்களில் ஒன்று. படக்குழு கேமராவோடு அந்தத் தீவில் நின்றுவிட்டு, கடைசிச் சண்டைக்குக் கணினியில் ரோபோ வரைந்தது. ஜப்பானில் படத்தை வெளியிட்டபோது வைத்த பெயர் 'வோல்வரின்: சாமுராய்'.

பார்த்தே தீருவேன் என்பவர்கள் 138 நிமிட நீட்டிப்புப் பதிப்பைத் தேடிப் பாருங்கள்; டிஸ்க்கில் வந்தது. பனிக் கிராமத்து நிஞ்ஜா சண்டை அதில்தான் முழுசாக இருக்கிறது, ரத்தமும் உண்டு. சேர்க்காமல் விட்ட முடிவு ஒன்றும் இருக்கிறது: விமானத்தில், லோகனை ஜப்பானுக்கு அழைத்து வந்த பெண் யுகியோ ஒரு பெட்டியை நீட்ட, உள்ளே காமிக்ஸில் வரும் அவனுடைய பழைய உடையும் முகமூடியும். ஷிங்கென் செத்ததும் நிறுத்திவிட்டு நேராக இந்தத் துண்டுக்குத் தாவிவிடலாம்.