ஆறு பக்கக் குமிழியைக் காவல் காத்த ராத்திரி

சோப்பு நுரையில் எந்தக் குமிழி வளரும், எது தேயும் என்று பார்க்க ஆசை. முதல் தடவை துணி சோப்பைச் சீவி, எங்கள் சத்துவாச்சாரி வீட்டு போர் தண்ணீரில் கரைத்தேன். நுரைக்குப் பதிலாகப் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பிதான் வந்தது. உப்புத் தண்ணீரிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டால் நுரை எங்கே வரும்?

அடுத்து கேன் தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட், மருந்துக்கடை கிளிசரின் கொஞ்சம். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே சைக்கிள் டியூப் ரப்பரைக் கொடுத்து மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சிரிஞ்சால் காற்று ஏற்றினேன். எல்லாக் குமிழியும் ஒரே அளவு, அச்சு அசல் தேன்கூடு. இரண்டு மணி நேரம் முறைத்துப் பார்த்தும் ஒன்றும் நகரவில்லை. தோல்வி என்று கொட்டிவிட்டேன். அது தோல்வியே இல்லை என்று பிறகுதான் உறைத்தது.

சோப்புச் சுவர்கள் எப்போதும் மூன்று மூன்றாக, 120 டிகிரியில்தான் சந்திக்கும். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக்காரர் பிளாட்டோ கண்டு சொன்னது. ஒரு குமிழியின் ஓரமாகவே ஓர் எறும்பு சுற்றி வந்தால் மொத்தம் 360 டிகிரி திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் 60 டிகிரி திரும்பிவிடும். ஆறு மூலை இருந்தால் கணக்கு அங்கேயே தீர்ந்தது. சுவர் வளைய வேண்டியதில்லை. என் தேன்கூடு நகராததும் இதனால்தான். ஐந்தே மூலை என்றால் மீதி 60 டிகிரிக்குச் சுவர்தான் வெளியே புடைக்க வேண்டும். புடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், காற்று பக்கத்து வீட்டுக்குக் கசியும், குமிழி சுருங்கும். ஏழு என்றால் தலைகீழ். 1952இல் கணித மேதை வான் நியூமன் சொன்னது இதுதான்: வளர்வதும் தேய்வதும் பக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, குமிழியின் அளவைப் பொறுத்ததல்ல.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெரியது சின்னதை விழுங்கும் என்றுதானே தோன்றும்? மூன்றாம் முறை ஊசியோடு கொஞ்சம், ஊசியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் என்று காற்று ஏற்றி, பல அளவில் குமிழிகள் விட்டேன். மே மாத வெயிலுக்கு ஓரம் காய்ந்துவிடும் என்பதால் சுற்றிலும் செலோ டேப். கீழே கிராப் தாள், மேலே நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் போன்.

"சாமான் கழுவச் சொன்னா ஓடுவ, இப்ப நுரைய வெச்சினு உக்காந்துனு கீறியே," என்றார் அம்மா.

விடியும்போது நாலு பக்கக் குமிழி ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு மூலையில் ஐந்து பக்கக் குமிழி ஒன்று. பக்கத்திலேயே அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஏழு பக்கக்காரன். படங்களை ஓட்டிப் பார்த்தால், பெரியது தேய்ந்து சின்னது ஊதிக்கொண்டே போகிறது. நாலு தடவை கட்டம் எண்ணினேன்.

குறி வைத்திருந்த எட்டு ஆறு பக்கக் குமிழிகளில் மூன்றுதான் கடைசிவரை அசையாமல் நின்றன. விதி பொய்யா என்று பதறி, படம் படமாகப் பின்னால் போனேன். இல்லை. தேய்ந்த ஒருவனைப் பார்த்தால், பக்கத்திலிருந்த மூன்று பக்கக் குமிழி மறைந்ததும் இவனுக்கு ஒரு சுவர் போய்விட்டது. ஆறு ஐந்தான நிமிடத்திலிருந்துதான் தேய ஆரம்பித்திருக்கிறான்.

அடுத்து கரியமில வாயு. தண்ணீரில் காற்றைவிட நன்றாகக் கரையும் என்பதால் சுவரைத் தாண்டுவதும் வேகமாக நடக்கும், ராத்திரி முழுக்க விழிக்க வேண்டாம். சமையல் சோடாவும் எலுமிச்சையும் தயார். பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு டியூப் செருகி எம்-சீல் வைத்திருக்கிறேன், இன்னும் காயவில்லை.