மஃப்ளரும் 600 ரூபாய் ஆட்டோவும்

இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் ஆட்டோவிலிருந்தே தொடங்குகிறேன். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டருக்குள்தான். அதற்கு 600 ரூபாய்! கிட்டத்தட்ட 30 ரிங்கிட். ஈப்போவில் அந்தக் காசுக்கு இரண்டு நாள் நன்றாகச் சாப்பிடுவேன்.

தப்பு என்மேலும் இருக்கிறது. "நான் பேசறேன் மாமா" என்று முந்திக்கொண்டு போய், "அண்ணே, தரங்கம்பாடிக்கு எவ்வளவுலா?" என்று கேட்டேன். அந்த ஒரு 'லா' போதும். ஓட்டுநர் என் காலணியிலிருந்து தலைவரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிங்கப்பூரா தம்பி?" என்றார். "இல்லண்ணே, மலேசியா" என்று பெருமையாக வேறு திருத்தினேன். "600." மாமா வந்து சேர்வதற்குள் நான் தலையாட்டியாகிவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் வண்டியில் ஏறும்போது, "இனிமே காசு பேசற இடத்துல நீ ஊமை, சரியா?" என்றார்.

சரி, முறையாகச் சொல்கிறேன். செப்புத் திருமேனி வார்ப்பு பழக ஆறு மாதத்துக்கு சுவாமிமலைக்கு வந்திருக்கிறேன். தங்கியிருப்பது ஒரு குடும்பத்தோடு: மாமா, அத்தை, மாமாவின் அம்மாவான அப்பாயி, பத்தாவது படிக்கிற சின்னவன். மூன்று மாதமாக மெழுகும் காவிரி வண்டல் மண்ணும்தான் என் உலகம். "பையன் கடலையே பாக்காம காஞ்சு போறான்" என்று அப்பாயி சொன்னதில் முடிவானது இந்தப் பயணம்.

மார்கழி. விடிகாலை ஐந்து மணிக்கே தெருவில் கோலம், நடுவில் சாணி உருண்டை, அதன் தலையில் பூசணிப்பூ. கோயில் ஒலிபெருக்கி தூங்க விடாது. அப்பாயி மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்றை நீட்டினார். 22 டிகிரிக்கு மஃப்ளரா என்று சிரித்து மறுத்துவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வரை ஜன்னல் சீட்டு மாமாவுக்குத்தான் என்பது வீட்டுச் சட்டம். வயல் மேல் பனி கோடு போட்டது மாதிரி நின்றது. எனக்கு எல்லாம் ஒரே பச்சை. மாமாவுக்கு அப்படியில்லை. "இது சி.ஆர். 1009 நெல்லு. 155 நாள் பயிர். கதிர் முத்துற நேரத்துல பெஞ்ச மழையில சாஞ்சிருக்கு பாரு." பார்த்தேன். வயலின் ஒரு மூலையில், யாரோ பாய் விரித்துப் படுத்து எழுந்தது போலப் பயிர் ஒரே பக்கமாக மடிந்து கிடந்தது, கதிர்நுனி தண்ணீரில். "மிஷின் விட்டா அது எடுக்காது, ஆள் வச்சுத்தான் அறுக்கணும்" என்றார். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவார்களே, பின்னால் நட்டவர்களுக்குத் தண்ணீர் எட்டுமா என்பது அடுத்த கவலை. குத்தாலம் வரை இதே பேச்சு.

திருக்கடையூர் என் பட்டியலில் கிடையாது, அத்தையின் பட்டியலில் முதலில் இருந்தது. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம் என்பதால், அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் இங்கேதான். ஒரே மண்டபத்தில் எத்தனை ஜோடி! ஒரு தாத்தா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, முடிச்சு பிடிபடாமல் விரல் நடுங்க நின்றார். பாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். பேரப்பிள்ளைகள் விசில். மாமாவுக்கு 59 முடியப்போகிறது. அத்தை செலவு விசாரிக்க ஆரம்பித்ததும் மாமாவைக் காணோம். அவரைத் தேடிப் போன இடத்தில்தான் நான் ஆட்டோவிடம் மாட்டினேன்.

தரங்கம்பாடி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊர் வாசலில் ஒரு வெள்ளைக் கோட்டைக் கதவு. அதைத் தாண்டினால் அகலத் தெரு, அமைதி, கடைசியில் கடல். தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வெயிலில் மஞ்சளாக நிற்கிறது. சும்மா கொடுக்கவில்லை, ஆண்டுதோறும் பணம் கட்டச் சொல்லித்தான் கொடுத்தார். ஆக, வெளியூர்க்காரனிடம் காசு கறப்பது இந்தக் கரையில் 400 வருடப் பழக்கம். கடைசியில் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் ஊர் போய்விட்டார்கள். 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினாராம். அவர் தமிழைக் கேட்டுப் பல்லக்குக்காரர்கள் என்ன கூலி சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை போனது.

கோட்டைக்குப் பக்கத்தில், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலை ஒட்டியே அலை அடிக்கிறது. முன்பகுதியை எப்போதோ கடல் தின்றுவிட்டது. அந்தச் சுவர் நிழலில் பொட்டலத்தைப் பிரித்தோம். எங்கள் ஊரில் இதைத் தாப்பாவ் என்போம், ஆனால் எந்தத் தாப்பாவும் இதன் பக்கத்தில் வராது. வாட்டிய வாழை இலைக்குள் ஆறு மணி நேரம் ஊறிய புளியோதரை. எண்ணெய் இலையில் மினுங்க, கடலைப்பருப்பு பல்லில் கடிபட, கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் மோர்மிளகாயும். மூன்று பொட்டலம் தின்றேன். நாலாவதைச் சின்னவன் பிடுங்கிக்கொண்டான்.

தெற்கே கொஞ்ச தூரத்தில் நாகப்பட்டினம். என் கொள்ளுத்தாத்தா பினாங்குக்குக் கப்பல் ஏறியது அங்கிருந்துதான். "எந்த ஊர்லேருந்து போனாங்க?" என்று அப்பாயி கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "இந்தப் பக்கமாத்தான் இருக்கும், மூக்கைப் பாரு" என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

திரும்பிய பேருந்து கொடுமை. என் ஜன்னலுக்கு ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இருட்டியதும் வயல்காற்று ஈரமாகக் காதுக்குள் நேராக நுழைந்தது. செம்பனார்கோயில் தாண்டும்போது தும்மல். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை, தன் மஃப்ளரை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார், அவ்வளவுதான். முன்பு இந்தத் தடத்தில் ரயில் ஓடியதாம், 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அது இருந்திருந்தால் இந்தக் காதுவலி இல்லை.

மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் ஒரு மஃப்ளர் கடை. 150 என்றார் கடைக்காரர். உத்தரவுப்படி நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாயி துணியைத் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். நாலாவது அடியில் 90 ஆனது.

செலவு விவரம் கேட்பீர்களே. பேருந்துக்கு மாமா கொடுத்தார், காபிக்கும் அவரே. சாப்பாடு அத்தை கட்டியது. என் பையிலிருந்து ஆட்டோவுக்கு 600, மஃப்ளருக்கு 90. அந்த 90-லும் பத்து ரூபாய் அதிகம் என்று அப்பாயி கும்பகோணம் வரை புலம்பிக்கொண்டே வந்தார்.