கலிஃபோர்னியா டிரைவிங் டெஸ்ட்: காரின் மூக்கைக் கவனியுங்கள்

பாஸ் ஆகிவிட்டேன்! தற்காலிக லைசென்ஸ் தாள் கைக்கு வந்த சூட்டோடு எழுதுகிறேன். இந்தக் கோடையில் டெஸ்ட் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

எழுத்துத் தேர்வுக்குப் பயப்படவே வேண்டாம். 36 கேள்வியில் 30 சரியாக இருந்தால் போதும். லைசென்ஸ் கொடுக்கும் அரசுத் துறையான டி.எம்.வி.யின் கையேட்டை ஒழுங்காகப் படித்தால் தாண்டிவிடலாம். நடைபாதை ஓரத்தில் அடித்திருக்கும் வண்ணங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். சிவப்பில் நிற்கவே கூடாது, வெள்ளையில் ஆள் ஏற்றி இறக்கலாம், பச்சையில் கொஞ்ச நேரம் நிறுத்தலாம், நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. பிறகு பள்ளிப் பேருந்து. அதன் சிவப்பு விளக்கு மினுக்கினால் எதிரில் வருகிற வண்டியும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இருந்தாலோ பக்கத்துக்கு இரண்டு லேன் இருந்தாலோதான் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. முதுகை விடப் பெரிய பையோடு ஒரு வாண்டு இறங்கி, ஷூ லேஸைச் சரிசெய்து, நண்பனுக்கு டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வரை தெரு மொத்தமும் அசையாமல் காத்திருக்கும். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இனி முக்கியமான விஷயம், ஸ்டாப் போர்டு.

ஊரில் எட்டு போட்டு, ஹெச் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு வண்டியை ஓட்டத் தெரியும். இங்கே தேர்வே நிறுத்துவதில்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, அப்படியே உருட்டிக்கொண்டு போவதற்கு ‘கலிஃபோர்னியா ஸ்டாப்’ என்றே பெயர். மாநிலத்தின் பெயரே அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது என்றால் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்! பக்கத்து வீட்டுத் தாத்தா தினமும் செய்யலாம். டெஸ்டில் நீங்கள் செய்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. சின்னச் சின்னப் பிழைகள் 15 வரை மன்னிப்பார்கள், இதற்கு மன்னிப்பே கிடையாது.

முழுசாக நின்றோமா என்று எப்படித் தெரியும்? எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் சொன்னது இது: “மீட்டரைப் பார்க்காத தம்பி, காரோட மூக்கைப் பாரு.” பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் லேசாக அமுங்கும். கார் முழுசாக நின்ற அந்த நொடியில் மறுபடி நிமிரும், உங்கள் முதுகு சீட்டில் சாயும். அதை உணர்ந்த பிறகு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். கோட்டுக்கு முன்பே நில்லுங்கள். அங்கிருந்து குறுக்குத் தெரு தெரியாவிட்டால், நின்ற பிறகு மெதுவாக முன்னால் நகர்ந்து பாருங்கள். சிவப்பு சிக்னலில் வலது பக்கம் திரும்புவதற்கும் இதே முறைதான். வேறு எதையும் பழகாவிட்டாலும் இதைப் பழகுங்கள். ராத்திரி காலித் தெருவில் எத்தனை தடவை செய்தாலும் தகும்.

நாலு பக்கமும் ஸ்டாப் இருக்கும் சந்திப்பு தனி வேடிக்கை. விதிப்படி முதலில் வந்தவர் முதலில் போகலாம், ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். நடப்பது என்னவென்றால், கல்யாணப் பந்தியில் “நீங்க உக்காருங்க, இல்ல நீங்க உக்காருங்க” என்று உபசரிப்பது போல நாலு காரிலிருந்தும் கை அசைத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். டெஸ்டில் நீங்கள் கை அசைக்கவே வேண்டாம். உங்கள் முறை வந்தால் போய்விடுங்கள்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- கிளம்பும் முன் விளக்கு, வைப்பர், கை சைகை எல்லாம் கேட்பார்கள். ஹார்னும் அடிக்கச் சொல்வார்கள். ஆசை தீர அடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதற்கு அநேகமாக வேலை இருக்காது.
- லேன் மாறும்போது கண்ணாடி மட்டும் போதாது. கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்ப்பது தேர்வாளருக்குத் தெரிய வேண்டும்.
- வலது திருப்பத்துக்கு 200 அடிக்குள் சைக்கிள் பாதைக்குள் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்கும் கழுத்து திரும்ப வேண்டும்.
- ஓரமாகப் பின்னால் எடுக்கச் சொல்வார்கள், மூன்று கார் நீளம். கேமராவை நம்பாமல் திரும்பி, காரின் பின்பக்க ஜன்னல் வழியாகப் பாருங்கள்.
- மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வேக வரம்பை விடக் காரணமில்லாமல் 10 மைல் குறைவாகப் போனாலும் ஃபெயில்.

நான் இயல்பிலேயே நிதானமான ஆள், அதனால் காலை முதல் நேரத்தை எடுத்து, அமைதியாகப் போய் வந்தேன். பரபரப்பில்தான் சுறுசுறுப்பு வரும் என்பவர்கள் மதியம் எடுத்துப் பாருங்கள். ஆனால் பள்ளி விடும் நேரத்தைத் தவிருங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் தெருவில் இருப்பார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று ஊரில் அம்மா கேட்டார். இங்கே பல இடங்களில் பஸ் மணிக்கு ஒன்றுதான். பேங்க், மருந்துக்கடை, காபி எல்லாமே காரில் உட்கார்ந்தபடி வாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். பொன்னி அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து பஸ் ஏறியவர்களுக்கு இந்தத் தாளின் அருமை தெரியும்.

ஒன்று மறந்துவிட்டேன். தற்காலிகத் தாள் 60 நாள் செல்லும், படம் இருக்காது, அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அசல் அட்டை தபாலில் வரும். அறை மாறப்போகிறீர்கள் என்றால் முகவரியை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.