காலைக் குப்பியும் மாலைக் குப்பியும்

பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் நிலையத்தில் படித்துவிட்டு இன்று வெளிநாடுகளில் பெரிய கருவிகளோடு வேலை பார்க்கும் நம்மவர்கள் யாரும் ஒளிக்குப்பி, இருட்குப்பி முறையை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நீரை வெளிச்சம் புகும் குப்பியிலும் புகாத குப்பியிலும் அடைத்து வைத்து, இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்திலிருந்து ஒளிச்சேர்க்கையைக் கணக்கிடுவது அது. 1927இல் கார்டரும் கிரானும் வகுத்த முறை. தாவர மிதவை உயிரிகளின் (நீரில் மிதக்கும் நுண்பாசிகளின்) ஒளிச்சேர்க்கை ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவதை அந்தக் குப்பிகளிலேயே பார்த்துவிடலாம்.

பரங்கிப்பேட்டையில் உள்ள வெள்ளாற்று முகத்துவாரத்தில் அதற்குக் குறுக்கே நிற்பது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். காலையில் மொண்டது கடல் நீர், மாலையில் மொண்டது ஆற்று நீர் என்றால், வித்தியாசம் பாசியால் வந்ததா ஓதத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் விடியுமுன் ஒரே தடவையாகப் பெரிய கேனில் நீர் பிடித்து, 200 மைக்ரான் வலையில் வடிகட்டி, திறந்த வெளியில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் கேனின் உட்சுவரில் பாக்டீரியா படர்ந்துவிடும். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து குப்பிகளை நிரப்பி, எப்போதும் ஒரே விளக்கின் கீழ், ஒரே வெப்பநிலையில் 3 மணி நேரம் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெயிலைத்தான் அளப்போம். ஒவ்வொரு தடவையும் பச்சையத்தையும் அளந்து, ஒளிச்சேர்க்கை அளவை அதனால் வகுப்பது அவசியம்.

குப்பியை நிரப்பும் குழாயின் நுனி அதன் அடியைத் தொட வேண்டும். இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோட வேண்டும். ஒரு குமிழ் சிக்கினாலும் ஆக்சிஜன் கணக்கு கெட்டது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க, 125 மில்லி குப்பிக்கு மாங்கனீசு சல்ஃபேட் 1 மில்லி, கார அயோடைடு 1 மில்லி. பழுப்பு வீழ்படிவு மேகம்போல் இறங்கி, குப்பியின் மேல்பாதி தெளிந்த பிறகு அடர் கந்தக அமிலம். தயோசல்ஃபேட் சொட்டச் சொட்ட நிறம் வெளிறிய வைக்கோல் மஞ்சளுக்கு வந்த பிறகே ஸ்டார்ச். முந்தினால் முடிவுப்புள்ளி (நிறம் மறையும் கணம்) பிந்தும். இருட்குப்பியில் கறுப்பு நாடா சுற்றும்போது கழுத்தும் மூடியும் விட்டுப்போகும். அங்கே கசியும் வெளிச்சம் சுவாசத்தைக் குறைத்துக் காட்டும்.

வளமான முகத்துவார நீருக்கு இது போதும். வெளிக்கடல் நீரின் சிறு வித்தியாசம் பியூரெட்டில் (தயோசல்ஃபேட்டைச் சொட்டவிடும் அளவுக்குழாயில்) பிடிபடாது. அதற்கு 1952இல் ஸ்டீமன் நீல்சன் கொண்டுவந்த, கதிரியக்கக் கார்பனைப் பாசி எவ்வளவு ஏற்கிறது என்று அளக்கும் கார்பன்-14 முறைதான்.

அந்த முறையில்தான் டோட்டியும் ஒகூரியும் 1957இல், வெப்பமண்டலப் பசிபிக்கில் காலை 8 மணி நீர் மாலை 7 மணி நீரைவிட ஐந்து மடங்குக்கும் மேலாகக் கார்பனை ஏற்பதைக் காட்டினார்கள். இரண்டுக்கும் கொடுத்த வெளிச்சம் ஒன்றே. 1961இல் ஹேஸ்டிங்ஸ், அஸ்ட்ரகான், ஸ்வீனி மூவரும் கோனியாலாக்ஸ் என்ற சுழல்கசையுயிரியை (டைனோஃபிளஜெலேட் என்ற ஒருசெல் மிதவை உயிரியை) மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்தபோதும் இந்தத் தாளம் தொடர்ந்தது. கடிகாரம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது!

ஆகவே நண்பகல் குப்பி ஒன்றின் ஒரு மணி நேர அளவை 12ஆல் பெருக்கி நாளின் உற்பத்தி என்பது தவறு. குறைந்தது காலை, நண்பகல், மாலை என மூன்று அளவுகளாவது வேண்டும். பழைய அறிக்கைகளின் உற்பத்தி எண்களை எடுத்தாளும் நண்பர்கள், நீர் எடுத்த மணி குறித்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை வேறொரு கடலோடு ஒப்பிட வேண்டாம்.