வோர்ட் ஓஃப்: கன்னத்துப் பொட்டும் செத்தல் மிளகாயும்

ஆங்கில வகுப்பில் எழுதிய பிரேசல் வேர்ப் (வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடர்) பட்டியலில் 'வோர்ட் ஓஃப்' (ward off) என்பதற்கு எதிரே எல்லாருடைய கொப்பியிலும் 'தடுத்தல்' என்றுதான் இருக்கும். பிழையில்லை, ஆனால் போதாது. அதை நம்பி 'பொலிஸ் வாகனங்களை வோர்ட் ஓஃப் பண்ணியது' என்று எழுதியவனுக்குச் சிவப்பு மை நிச்சயம். தடுக்கப்படுவது கேடாக இருக்கவேண்டும்: அடி, குளிர், தொற்று, பேய், நுளம்பு.

வோர்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் காவல். ஹொஸ்டல் வோர்டனும் ஆஸ்பத்திரி வாட்டும் அந்த வேரில் வந்தவைதான். பிரெஞ்சுப் பக்கமாய்ச் சுற்றிவந்த 'கார்ட்' (guard) கூட உறவுதான். ஓஃப் என்பது விலக்கிவைக்கும் தூரம்.

இதில் பலர் சறுக்குவது நேரத்தில். குழந்தையின் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்பது நாவூறு படாமல் இருக்க. அதற்கு வோர்ட் ஓஃப் கச்சிதம். பட்டபிறகு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறோமே, அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. வந்ததைக் கழிப்பதற்கு 'கெற் ரிட் ஒவ்' என்று எழுதலாம். காய்ச்சலும் அப்படித்தான்: வருமுன் வோர்ட் ஓஃப், வந்து உடம்பு அதோடு மல்லுக்கட்டும்போது 'ஃபைற் ஓஃப்'.

பக்கத்து வீட்டுச் சொற்கள் இரண்டு உண்டு. 'ஃபெண்ட் ஓஃப்' (fend off) டிஃபெண்டின் தலை வெட்டிய வடிவம். பாய்ந்துவரும் நாயைக் குடையால் விலக்குவதுபோல நேருக்குநேர் சமாளிப்பது. நிருபர்களின் கேள்விக்கும் இதுவே. 'ஸ்டேவ் ஓஃப்' (stave off) தடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தாலும் இன்று பெரும்பாலும் ஒத்திப்போடுவதைக் குறிக்கும். இரண்டு பிஸ்கற் பசியை ஸ்டேவ் ஓஃப் செய்யும். ஒரு மணித்தியாலத்தில் பசி திரும்பிவரும்.

'வோர்ட் ஓஃப் த ப்ளோ', 'வோர்ட் த ப்ளோ ஓஃப்' இரண்டும் சரி. 'இற்' வந்தால் நடுவில்தான் இருக்கவேண்டும்: 'வோர்ட் இற் ஓஃப்'. உச்சரிப்பு 'லோர்ட்' என்பதோடு ஒத்துவரும். 'வேர்ட்' என்று சொன்னால் கேட்பவருக்கு அது வேறு சொல் (word).

ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் கடைசி எழுத்தையும் பாருங்கள். ஒரு எஃப் தவறினால் அது 'வோர்ட் ஒவ்' (ward of) ஆகி, ஒருவரின் பாதுகாவலில் உள்ள பிள்ளையைக் குறிக்கும். இரண்டும் சரியான சொற்களாதலால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் வாய் திறக்காது.